பூனையின் பத்தியம்: நெல் நாட்டில் உணவைத் தேர்ந்தெடுப்பது யார்?

1

'பத்தியம்' என்ற சொல் நம் பேச்சில் உணவைக் குறிப்பதைவிட, உணவின்மீது செலுத்தப்படும் அதிகாரத்தையே அதிகம் குறிக்கிறது. எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது, எத்தனை நாளைக்கு என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு உடல் கேட்டு நடக்கிறது. சொல்பவருக்கு அறிவு இருக்கிறது என்பது பத்தியத்தின் வெளிப்படையான நிபந்தனை. கேட்பவருக்கு அதை வாங்கித் தின்ன வழி இருக்கிறது என்பது சொல்லப்படாத நிபந்தனை. பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று ஊரே பேசும். ஆனால் நடவு வயலிலிருந்து வந்து பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் பத்தியச் சோறு கிடைத்தது என்பது வேறு கணக்கு.

இக்கட்டுரை பூனையின் பத்தியத்தைப் பற்றியது. குறிப்பாக, சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பூனைக்குத் தஞ்சாவூரில் என்ன உணவு தேர்ந்தெடுப்பது என்ற மிகச் சிறிய கேள்வியைப் பற்றியது. எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதான பூனை ஒன்றுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் 3.4 என்று சோதனைச் சீட்டு வந்தபோது இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. நண்பர்களிடம் சொன்னேன். "அட போங்க தோழர், மனுசனுக்கே டயாலிசிஸ் கெடைக்க மாட்டேங்குது, பூனைக்கு டயட்டா?" என்றார் ஒருவர். இந்தக் கேலியை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கீழத்தஞ்சையில் உணவு என்ற சொல்லைக் கூலி என்ற சொல்லிலிருந்து பிரித்து எழுதுகிறவன் வரலாற்றை மறந்தவன். ஆனால் அதே காரணத்தால்தான் இந்தச் சின்னக் கேள்வியைப் பின்தொடர வேண்டும் என்றும் தோன்றுகிறது. தன் உணவைத் தானே சொல்ல முடியாத ஓர் உடலுக்காக யார், எந்த அறிவைக் கொண்டு, எந்தச் சந்தையிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்? இது பூனையோடு முடிகிற கேள்வி அல்ல.

2

முதலில் ஆவணங்களிடம் போவோம். தஞ்சையில் அதற்குக் குறைவில்லை.

1799 உடன்படிக்கையில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் பட்டமும் மிஞ்சின. சத்திரங்களும் அவற்றின் மானிய நிலங்களும் என்ன ஆகும் என்ற கவலையில் 1801இல் அவர் கம்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். வழிப்போக்கர்களுக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் படிப்பு. நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியரும் மருந்தும், அவர்கள் நோய்க்கு ஏற்ற உணவும் குணமாகும்வரை உண்டு என்கிறார். இந்த 'ஏற்ற உணவு' கவனத்திற்குரியது. பந்தி சாதிப்படி பிரிந்து கிடந்த சமூகத்தில்கூட, நோயாளியின் உணவு தானமாகவும் உரிமையாகவும் இல்லாமல் இரண்டிற்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை நிலம் தாங்கியது. மானிய நிலத்து நெல் இல்லாமல் ஏற்ற உணவு இல்லை. சரபோஜி கடிதம் எழுதியதே அதற்காகத்தான்.

அவருடைய தன்வந்திரி மகாலில் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருந்து செய்யப்பட்டது. சரஸ்வதி மகால் நூலகத்தில் கஜ சாஸ்திரம் இருக்கிறது. அசுவ சாஸ்திரம் இருக்கிறது. சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் மனித நோய்களுக்கான தொகுதிகள் அச்சேறியிருக்கின்றன. அரண்மனைக்கு வெளியே மாட்டு வாகடங்கள் ஏடாகவும் அச்சாகவும் ஊரூராகப் போயின. யானை போருக்கும் ஊர்வலத்திற்கும், குதிரை படைக்கு, மாடு ஏருக்கு. எந்த உடல் செல்வமோ அந்த உடலுக்குப் பிரதி உண்டு.

காலனிய ஆட்சி இந்த ஒழுங்கைக் கலைக்கவில்லை, இறுக்கியது. குதிரைப்படைக்காக வந்த கால்நடை மருத்துவம், மாட்டுக் கொள்ளைநோய் வரிவருவாயைத் தொட்டபோது மாட்டின் பக்கம் திரும்பியது. இந்திய மாட்டுக் கொள்ளைநோய் ஆணைக்குழு 1871இல் அறிக்கை தந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. சுதந்திரத்திற்குப் பிறகும் கணக்கெடுப்பின் கட்டங்கள் மாறவில்லை. 2019இல் முடிவு வெளியான இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் தெருவில் திரியும் நாயும் மாடும்கூட எண்ணப்பட்டன. பூனைக்குக் கட்டம் இல்லை.

பூனைக்கு வாகடம் இல்லாததற்கு அன்பு இல்லாதது காரணமல்ல. பூனை யாருடைய சொத்தாகவும் முழுமையாக ஆனதில்லை. அதை விற்க முடியாது, ஜப்தி செய்ய முடியாது, சீதனமாகக் கொடுக்க முடியாது. சொத்தாகாத உடல் ஆவணத்தில் மௌனமாக இருக்கிறது. ஆனால் இந்த மௌனமான உடல்தான் டெல்டாவின் மொத்தச் சொத்தையும் இரவில் காவல் காத்தது.

3

நெல் இருக்கும் இடத்தில் எலி உண்டு. பத்தாயம், குதிர், சேர், களம் என்று நெல்லின் ஒவ்வொரு இருப்பிடத்திற்கும் ஒரு பெயர் வைத்த ஊரில், எலியைப் பிடிக்கும் கருவியும் ஊரின் பெயரிலேயே வழங்குகிறது: தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வளைத்து வில்லாக்கிச் செய்யும் இந்தப் பொறி வயல் எலிக்கானது. வயலில் கிட்டி, வீட்டில் பூனை. இது ஓர் உழைப்புப் பிரிவினை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா. வயது எண்பதுக்கு மேல். நாற்று நட்டே முதுகு வளைந்தவர். பூனைக்குப் பத்தியம் என்று கேள்விப்பட்டுச் சிரித்தார். "பூனைக்கு என்ன தம்பி, வச்சாத்தான் சாப்பாடா? அது சம்பாரிச்சுத் திங்கும்." டெல்டாவில் பூனையின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பூனைக்கு வைத்த பால்சோறு அதன் உணவு அல்ல, மேல்வரும்படி. உண்மையான உணவை அது தானே தேடிக்கொண்டது.

இதை இன்றைய உடலியல் வேறு மொழியில் உறுதிசெய்கிறது. பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற பொருளைப் பூனை உடல் தேவையான அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது இல்லாவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் தளர்ந்துபோகும் என்று 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரிசியில் டாரின் இல்லை. பாலில் இருப்பது போதாது. அப்படியானால் தலைமுறை தலைமுறையாகத் தயிர்சாதம் தின்ற அக்கிரகாரத்துப் பூனை எப்படிக் கண்பார்வையோடு பத்தாயத்தின்மேல் உட்கார்ந்திருந்தது? அது தயிர்சாதத்தில் வாழவில்லை. எலியில் வாழ்ந்தது. வீட்டின் சைவம் பூனையின் அசைவத்தின்மீது நின்றது. தூய்மையைக் காப்பாற்றிக்கொள்ளும் இடங்கள் தமக்கு வேண்டிய கொலையை வெளியிலும் இருட்டிலும் நடத்திக்கொள்கின்றன. செத்த மாட்டைத் தூக்கப் பிறரை வைத்துக்கொண்டு தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்ட ஒழுங்கின் சிறு உரு இது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூனையையும் பண்ணையாளையும் ஒரே தட்டில் வைக்கும் உருவகம் ஆபாசமானது. நான் செய்வது அதுவல்ல. நான் பின்தொடர்வது நெல்லை. பூனை காத்த பத்தாயத்து நெல்லை விதைத்தவர், நட்டவர், அறுத்தவர் குடிசையில் பத்தாயம் கிடையாது. அவருடைய பங்கு களத்து மேட்டில் மரக்காலால் அளந்து போடப்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதோடு, அளக்கும் மரக்கால் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும் 1940களில் பி. சீனிவாசராவ் முன்நின்று கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டத்தில் இருந்தது. 1944 மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுத்தில் கிடைத்த வெற்றி. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதும், அதைக் கேட்கச் சங்கம் கட்டியதும். இந்த மண்ணில் ஓர் உடலின் உணவை நிர்ணயித்தவர் அளவையைக் கையில் வைத்திருந்தவர்.

எலிக்கும் இதில் பங்குண்டு. பத்தாயம் இல்லாதவர்கள் அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டினார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த கதிர் ஓர் உணவு. எலி இன்னொரு உணவு. எலி மூத்திரம் கலந்த வயல்நீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் தாக்கும் உறுப்புகளில் முதன்மையானது சிறுநீரகம். வரப்பில் செருப்பில்லாமல் நடக்கும் காலில்தான் அது ஏறுகிறது. சிறுநீரகத்தின் வரலாற்றையும் நெல்லின் வரலாற்றையும் ஒரே வயலிலிருந்து எழுத முடியும்.

4

பூனையின் சிறுநீரகம் இந்த ஊருடையதல்ல. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலக் காட்டுப்பூனை. தண்ணீர் தேடி அலையாமல், இரையின் உடலில் இருக்கும் நீரிலேயே காலத்தை ஓட்டும்படி அமைந்த உடல். எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்கு நீர். கிடைத்த நீரைக் கடைசிச் சொட்டுவரை மீட்டு, சிறுநீரை மிக அடர்த்தியாக வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு. தாகம் குறைவு. காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் ஓடும் ஊரில் ஒரு பாலைவனச் சிறுநீரகம் குடியிருக்கிறது.

அதன் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே சிறுநீர் நீர்த்துப்போகத் தொடங்கும். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். அதாவது நோய் கண்ணுக்குத் தெரியும்போது தேர்வுகளில் பெரும்பாலானவை முடிந்துபோயிருக்கும். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் காணப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். முன்பு இது ஏன் பேசப்படவில்லை? எலிக்கு வைத்த விஷத்திலும் நாய்க்கடியிலும் லாரிச் சக்கரத்திலும் சாகாமல் பதின்மூன்று வயதுவரை வாழ்ந்த பூனை குறைவு. பத்தாயம் போய், நெல் அறுத்த கையோடு கொள்முதல் நிலையத்திற்குப் போகத் தொடங்கிய பிறகு பூனை வேலையிழந்தது. வேலையிழந்த பிறகு வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்த பிறகு முதுமை அதற்குச் சாத்தியமாயிற்று. முதுமையின் நோய்க்கு இப்போது உணவு வேண்டும்.

அந்த உணவின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1939இல் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் ஒன்றின் சிறுநீரகம் பழுதுபட்டது. பட்டி என்பது அதன் பெயர். மாரிஸ் ஃபிராங்க் என்பவரின் நாய். நியூஜெர்சி கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸ், புரதத்தைக் குறைத்து வீட்டிலேயே ஓர் உணவைத் தயாரித்தார். கண்ணாடிச் சீசாவில் அனுப்பினால் உடைந்துபோகிறது என்று தகர டப்பாவில் அடைக்கத் தொடங்கினார். 1948இல் கன்சாஸ் மாநிலத்து ஹில் நிறுவனம் இதைத் தொழிற்சாலை உணவாக்கிற்று. கே-டி என்ற பெயர் அப்போது வந்தது. ஒருவரின் கைக்கு வழிகாட்டிய ஒரு நாய்க்காக ஒருவர் அடுப்பில் செய்த பத்தியம் பதிவுபெற்ற சரக்காக மாறியது இப்படித்தான்.

இதற்கடுத்த வரியை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். 1968இல் ஹில் நிறுவனத்தை வாங்கியது ரிவியானா ஃபுட்ஸ். ஹூஸ்டனைச் சேர்ந்த அரிசிக் கம்பெனி. 1976இல் ரிவியானாவோடு சேர்ந்து அது கோல்கேட்-பாமாலிவ் கைக்குப் போயிற்று. கீழ்வெண்மணி எரிந்த ஆண்டில் உலகின் இன்னொரு மூலையில் அரிசி மூலதனம் சிறுநீரகப் பத்தியத்தை வாங்கியது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. தொடர்பு இருப்பதாகப் பாவனை செய்வதும் தேவையில்லை. அரிசி எத்தனை விதமான உடல்களின் மீது எத்தனை விதமாக ஆட்சி செய்கிறது என்பதற்கு இரண்டும் தனித்தனிச் சாட்சிகள்.

ஏனெனில் அந்தப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். உலர்தீனி வகைப் பாக்கெட்டுகள் பலவற்றில் சேர்மானப் பட்டியலின் முன்வரிசையில் அரிசி நிற்கிறது. பல நேரம் உடைந்த அரிசி. நம் மொழியில் நொய், குருணை. இதற்குக் காரணங்கள் உண்டு. உலர்தீனியை அழுத்தி உருட்டிச் சுட மாவுப்பொருள் வேண்டும். புரதத்தைக் குறைத்தால் அந்தச் சக்தியை வேறெங்கிருந்தாவது கொடுக்க வேண்டும். தீட்டிய அரிசியில் பாஸ்பரஸ் குறைவு. அது தவிட்டோடு போய்விடுகிறது. ஆக, டெல்டாவில் களத்தில் கூட்டி அள்ளி ஏழை வீட்டுக் கஞ்சியான நொய், கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் பாக்கெட்டுக்குள்ளிருந்து திரும்பி வருகிறது. 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலை இல்லை. பூனையின் அரிசிக்கு விலை உண்டு.

எந்த உணவும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல, ஓர் உடலோடு அது கொள்ளும் உறவில்தான் ஆகிறது. இந்த வாதத்திற்குத் தீட்டிய அரிசியைவிட நல்ல சாட்சி இல்லை. 1890களில் ஜாவாவில் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகள் கால் முடங்கி விழுந்தன. பிறகு தாமாகவே எழுந்தன. விசாரித்தபோது, ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குப் போடப்பட்டிருந்ததும், புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்தின் அரிசியைச் சிவிலியன் கோழிக்குப் போட முடியாது என்று நிறுத்தியதும் தெரியவந்தது. அரிசி யாருடையது என்ற ஒரு நிர்வாகச் சண்டை, தவிட்டின் மருத்துவ அறிவைக் கொண்டுவந்தது. அதே காலத்தை ஒட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளிடம் பெரிபெரி குறைவாகவும், வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களிடம் மிகுதியாகவும் இருப்பதை 1907இல் பிராடன் என்ற மருத்துவர் எழுதினார். வித்தியாசம் புழுங்கல் அரிசி. எந்தத் தீட்டல் ஓர் உடலை முடக்கியதோ, அதே தீட்டல் இன்று சிறுநீரகம் பழுதான இன்னோர் உடலுக்கு வசதியாகிறது. 'பாரம்பரிய உணவு எல்லாவற்றையும் குணமாக்கும்' என்ற இன்றைய கூச்சலும், 'பாக்கெட்டே விஞ்ஞானம்' என்ற விளம்பரமும் உணவுக்கு நிலையான சாரம் ஒன்று உண்டு என்ற ஒரே தவறிலிருந்து பிறந்தவை.

பாக்கெட்டின் விஞ்ஞானத்திற்கு ஒரு கறுப்பு நாள் உண்டு. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் ஆறு கோடி அளவுக்கு நாய், பூனைத் தீனி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அவற்றைத் தின்ற விலங்குகளின் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்த மூலப்பொருளில் மெலமைன் கலந்திருந்தது. அரிசிப் புரதம் என்ற பெயரில் வந்ததிலும் அதே கலப்படம் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து புரதம் இவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. அளவையை ஏமாற்றினால் போதும், உணவை ஏமாற்றத் தேவையில்லை. மரக்காலின் அடியில் மெழுகை அப்பிவைக்கும் மூளையும் இதே வகைதான். 2008இல் சீனாவில் அதே மெலமைன் குழந்தைப் பால்மாவில் ஏறியபோது ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். முந்தைய ஆண்டு பூனைகள் காட்டிய அடையாளத்தைப் படிக்க யாரும் இல்லை.

5

அப்படியானால் பாக்கெட்டை எறிந்துவிடலாமா? இங்கேதான் நம் வட்டாரத்து விமர்சன மரபு வழக்கமாகத் தன் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறது. ஒன்றின் அதிகாரத்தைக் கட்டுடைத்துவிட்டால் அதன் பயனும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். பூனை தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது வைக்க வேண்டும்.

சிறுநீரக உணவுக்கு ஆதாரம் உண்டு. லண்டனில் எலியட்டும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 50 பூனைகள். சிறுநீரக உணவைத் தின்ற 29 பூனைகளின் இடைநிலை ஆயுள் 633 நாள். மற்ற 21 பூனைகளுக்கு 264 நாள். 2006இல் அமெரிக்காவில் 45 பூனைகளைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இரண்டாண்டு பார்த்தார்கள். சாதாரண உணவு தின்ற பிரிவில் 26 விழுக்காட்டுப் பூனைகளுக்கு ரத்தத்தில் கழிவு ஏறும் நெருக்கடி வந்தது. சிறுநீரக உணவு தின்ற பிரிவில் ஒன்றுக்கும் வரவில்லை.

ஆனால் முதல் ஆய்வில் ஒரு விஷயம் எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. அந்த 21 பூனைகள் சீட்டுக்குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. புது உணவை அவை ஏற்கவில்லை, அல்லது வளர்த்தவர்கள் ஏற்கவில்லை. அதாவது அந்த ஒப்பீட்டின் ஒரு பக்கத்தை உண்டாக்கியதே மறுப்புதான். ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்ற கேள்வியை நம் சிறுபத்திரிகைகள் எவ்வளவோ பக்கங்களில் விவாதித்திருக்கின்றன. பூனை பேசாது. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இந்த மறுப்பை முரண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும். ஆகவே பத்தியத்தின் முதல் விதி, பூனை தின்ன வேண்டும் என்பது. சரியான உணவைத் தின்னாமல் பட்டினி கிடப்பதைவிடத் தவறான உணவைத் தின்பது மேல். வேறு எந்த மருத்துவச் சொல்லாடலிலும் நோயாளியின் மறுப்புக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

எனவே தேர்வு இப்படி அமைகிறது. நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 1998இல் தொடங்கிய சர்வதேசச் சிறுநீரக ஆய்வுக் குழு நான்கு படிகள் வகுத்திருக்கிறது. கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் படி, 5.0 வரை மூன்றாம் படி, அதற்கு மேல் நான்காம் படி. உணவை மாற்றுவது இரண்டாம் படியிலிருந்து பேசப்படுகிறது. மாற்றத்தின் மையம் பாஸ்பரஸ். புரதத்தைக் குறைப்பது அதற்கு அடுத்தது. அதிகம் குறைத்தால் பூனை தன் சதையையே தின்று மெலியும். மூன்றாவது, நீர். உலர்தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவு. ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கு மேல். பாலைவனச் சிறுநீரகத்திற்கு இது பெரிய வித்தியாசம்.

இந்த அளவுகோலை நம் அடுக்களைக்குக் கொண்டுவந்தால் பழைய மேல்வரும்படிகள் பல விழுந்துவிடுகின்றன. கருவாடு: உப்பும் பாஸ்பரஸும். முள்ளோடு நசுக்கிய மீன்: எலும்பில் இருப்பதே பாஸ்பரஸ். ஈரல்: அதுவும் அப்படியே. மீன்குழம்புச் சோறு: உப்பு, புளி, அதற்கு மேல் வெங்காயமும் பூண்டும். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பால்: பாஸ்பரஸ் உண்டு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுக்கும் ஆகாது. நிற்பவை எவை? முட்டை வெள்ளைக்கரு நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. எலும்பில்லாத கோழிக்கறியில் அளவான பங்கு. குழைய வடித்த வெள்ளைச் சோறு கொஞ்சம், அதாவது அந்த நொய். கறி வேகவைத்த உப்பில்லாத நீர். ஆனால் இவற்றை மட்டும் கலந்து வைத்தால் அது முழு உணவு ஆகாது. வேகும்போது டாரின் தண்ணீரோடு போகும். சுண்ணாம்புச் சத்து, உயிர்ச்சத்துகள் போதாது. அளவு தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். இல்லையென்றால் பாக்கெட்டே மேல். முடிந்தால் ஈரவகை, பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, வாரக்கணக்கில் மாற்றி.

எங்கள் வீட்டில் ஈரத்தீனியைப் பூனை நான்கு நாள் முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஐந்தாம் நாள் வெள்ளைக்கருவோடு கலந்து வைத்தபோது பாதி தின்றது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியைப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

6

கணக்குப் போட்டுத் தரும் அந்த 'ஒருவர்' யார்? அரசியல் இங்கேதான் இருக்கிறது. கணக்கு இன்று பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கிறது. ரகசியமாக அல்ல, பாக்கெட் வடிவத்தில். விலை கொடுக்க முடிந்தவர் வாங்குகிறார். முடியாதவரின் பூனை, 'வயசாயிடுச்சு, இளைச்சுப் போச்சு' என்ற வாக்கியத்தில் முடிகிறது. பத்தியத்தின் சொல்லப்படாத நிபந்தனை அப்படியே நிற்கிறது.

2012இல் தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இடம் ஒரத்தநாடு. சரபோஜியின் முக்தாம்பாள்புரம் சத்திரம் இருந்த அதே ஊர். சத்திரத்தை இலட்சியமாக்க நான் தயாரில்லை. அதன் பந்தி எப்படிப் பிரிந்து கிடந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் ஏற்ற உணவுக்கு ஒரு பொது இடம் இருக்க வேண்டும், அதைப் பொது நிலம் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தை மன்னரிடமிருந்து பிடுங்கி நம்முடையதாக்கிக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. மாட்டுக்கு வாகடம் இருந்தது போல, சந்தைக்கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, எடைக்கு இவ்வளவு என்று படியிலும் கிராமிலும் எழுதிய பூனை வாகடம் ஒன்று தமிழில் வர வேண்டும். மருத்துவர்களும் சமைக்கிறவர்களும் சேர்ந்து எழுத வேண்டியது அது. பூனை எதைத் தின்னாமல் போயிற்று என்பதும் அதில் பதிவாக வேண்டும்.

கேலி செய்த நண்பருக்கு என் பதில் இதுதான். மனிதருக்கு டயாலிசிஸ் கிடைக்காததும் பூனைக்குப் பத்தியம் கிடைக்காததும் ஒன்றையொன்று தின்னும் இரண்டு பசிகள் அல்ல. உடலுக்கு ஏற்ற உணவு என்ற அறிவை விலையிலிருந்து பிரித்தெடுப்பது இரண்டுக்கும் பொதுவான வேலை. இந்த மண்ணில் அந்த வேலை களத்து மேட்டில், மரக்காலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, 'இது சரியான அளவா?' என்று கேட்டதிலிருந்து தொடங்கியது. கேள்வி பழையது. இன்று திருப்பிப் பார்க்க வேண்டியது ஒரு தீனிப் பாக்கெட்டாகவும் இருக்கலாம்.